பைபாஸுக்குப் பின் தட்டில் என்ன, குடலில் என்ன

ஜூன் 4
எடை குறைக்க இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் இரைப்பை பைபாஸ் அறுவை முடிந்து மூன்றாம் நாள். உணவு போய்ச் சேரும் பை இப்போது சுமார் 30 மி.லி.தான், இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. வெந்நீர், புளி காரம் இல்லாத தெளிந்த ரசம், எதுவானாலும் வாய் வாயாக. மடக்கென்று குடித்தால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல் அடைக்கும். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து இறங்கும்.

ஜூன் 19
மசித்த உணவுக் கட்டம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். வீடுகளில் பருப்புத் தண்ணீரை நம்புகிறார்கள். புரதம் பாத்திரத்தின் அடியில் பருப்போடு தங்கிவிட, மேலே வடிப்பது மஞ்சள் நீர்தான்! பருப்பையே கடைந்து கொடுங்கள். ஒரு முட்டை வெள்ளையில் மூன்றரை கிராம்தான் என்பதால் புரதப்பொடி இல்லாமல் கணக்கு நிறைவது கடினம். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் கூடாது.
வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். தயமின் (வைட்டமின் பி1) வற்றினால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகும்.

ஜூலை 10
குடல் பாக்டீரியா பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பைபாஸ் செய்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியற்று வளர்த்த எலிகளுக்கு மாற்றினார்கள். அறுவையே இல்லாமல் அவற்றின் எடை குறைந்தது. 2013இல் வந்த ஆய்வு அது. அமிலம் குறைகிறது, பித்தநீரும் உணவும் சேரும் இடம் மாறுகிறது, அதனால் குடலில் குடியிருப்பவையும் மாறுகின்றன. இதை வைத்து பாக்டீரியா மாத்திரைப் புட்டி விற்பது வேறு கதை, எலிக்கு நடந்தது புட்டியில் வராது. குடல் பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்து. தோல் சீவிக் குழைய வேகவைத்த சுரைக்காய், பீர்க்கங்காய் இரண்டு ஸ்பூனில் தொடங்கலாம். முருங்கைச் சக்கை, ஆரஞ்சுச் சுளைத்தோல் இப்போது வேண்டாம். உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்.

செப்டம்பர் 5
மூன்றாம் மாதம், முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் சரியா என்று மட்டும் பாருங்கள். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி, இரும்போடு காபி கூடாது. அமிலம் குறைந்த வயிற்றுக்குக் கால்சியம் சிட்ரேட்டே பொருந்தும். பி12 ஆயுளுக்கும்.
பாயசம் குடித்த அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, பேதி வந்தால் அது டம்பிங், அதாவது இனிப்பு பையில் தங்காமல் வேகமாகக் குடலுக்குள் கொட்டுவது. முறுக்கும் மிக்சரும் பெரும்பாலும் அந்தத் தொல்லை தராது. வாயிலேயே கரைந்து, பையில் நிற்காமல் வழுக்கிப் போய்விடும், வயிறு நிறைந்தது தெரியாமல் அளவு மீறும். எடை நின்றுபோனவர்களிடம் முதலில் கேட்பது அந்த முறுக்கு டப்பாவைப் பற்றித்தான்.