அந்த நாய் என்னா ஆச்சு டீச்சர்?

இலங்கை மலையகத்தில் ஹட்டனை அண்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சனிக்கிழமை மாலைகளில் ஏழாம், எட்டாம் தரப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுவர் நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டி வருகிறேன். 1971ஆம் ஆண்டில் பெற்றோருடன் இந்தியாவுக்கு அனுப்பப்படும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும், இங்கேயே தங்கிவிடும் அவளுடைய அண்ணனுமே கதையின் மையம்.

முதல் அத்தியாயத்தில் மூன்று பக்கங்களை ஒப்பந்தத்துக்கே கொடுத்திருந்தேன். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பட்டதையும், நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று ஒத்திவைக்கப்பட்டதையும் வரிசையாக விளக்கியிருந்தேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். அதாவது, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகரப்பெட்டிகளுடன் லொறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைவிட்டுப் புறப்படும்போது நாய் பின்னால் ஓடிவருவதாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கேதான் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"அந்த நாய் என்னா ஆச்சு டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே அந்த மூன்று பக்கங்களையும் நீக்கிவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தத்தின் பெயர் எதற்கு? ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் குடியுரிமையும் இன்னொருவருக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த அந்தக் காலத்தில், அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது, கோச்சியில், அதாவது ரயிலில், தன்னோடு ஏறிய அண்ணன் மணியடித்ததும் ஏன் இறங்கினான் என்ற கேள்வி மட்டுமே. கதையில் நாயை அடுத்த காம்பராக்காரர்களிடம், அதாவது பக்கத்து லய அறைக்காரர்களிடம், விட்டுவிட்டேன். ஆனாலும் அது பூட்டிய பழைய கதவடியிலேயே படுத்துக்கொள்கிறது.

இதற்காக உண்மையைத் தளர்த்தலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் சிறுமியைத் தலைமன்னாரிலிருந்து கப்பலேற்றித் தனுஷ்கோடியில் இறக்கியிருந்தேன். வாசிப்பைக் கேட்க வந்திருந்த முதியவர் ஒருவர், "அந்த ஊரைத்தான் புயல் கொண்டுபோயிருச்சே அம்மா" என்றார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது; அங்கிருந்து, இப்படி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம். வெட்கத்தோடு திருத்தினேன். பெரியவர்களுக்கான நாவலில் இப்படியொரு பிழை இருந்தால் யாராவது சுட்டிக்காட்டுவார்கள். பிள்ளைகளோ அதையே வரலாறாக நம்பி மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

இனிவரும் பகுதிதான் கடினமானது. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்களோடு அண்ணனும் போகிறான். 2009இல், போரின் இறுதிக்கட்டத்தில், அவனுடைய ஒன்பது வயதுப் பேத்தி முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்து, பின்னர் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குள் வருகிறாள். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். என்னிடம் கதை கேட்கும் பிள்ளைகளில் இருவரின் உறவினர்கள் வன்னியில் இருந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்துவதை அவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். ஆகவே மரணத்தை மறைக்கப்போவதில்லை. ஆனால் காயத்தை வருணிக்கவும் மாட்டேன்; பதுங்குகுழிக்குள் தாத்தாவின் இருமல் கேட்காமற்போவதைப் பேத்தி உணர்வதோடு அந்தக் காட்சி நின்றுவிடும்.

அடுத்த சனிக்கிழமை அதன் முதற்பகுதியை வாசிக்க வேண்டும். வீட்டைவிட்டுப் புறப்படும்போது அவர்கள் ஒரு பசுவையும் கன்றையும் கயிறவிழ்த்து விடுகிறார்கள். முன்வரிசையில் அமரும் அந்தச் சிறுமிக்கு இம்முறை என்ன பதில் சொல்வதென்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.