ஐந்து சென்ட் வெள்ளியும் அச்சு விரிசல்களும்

ஜனவரி 6

இந்த ஆண்டு கேப்டு பஸ்ட் என்ற பழைய அமெரிக்க ஹாஃப் டைம் வரிசையைத் தவிர வேறு எதற்கும் பர்ஸைத் திறப்பதில்லை என்று முடிவு. காரணம் வேறொன்றும் இல்லை, பணம்தான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஹாஃப் டைம் என்பது அமெரிக்காவின் பழைய வெள்ளி ஐந்து சென்ட். 1866-இல் நிக்கல் காசு வரும்வரை ஐந்து சென்ட் நாணயம் என்றால் இது ஒன்றுதான். 1873-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, எடை 1.35 கிராம். 1794 முதல் 1805 வரை ஒரு கட்டம். அப்புறம் 24 ஆண்டுகள் ஒன்றுமே அடிக்கவில்லை. வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெரிய காசாகக் கேட்டார்கள். சில்லறைக்கு ஸ்பானிய அரை ரியால் கடைவீதியில் தாராளமாகப் புழங்கியது. 1829-இல் மறுபடி தொடங்கி 1837 வரை வந்ததுதான் கேப்டு பஸ்ட், அதாவது தொப்பி போட்ட லிபர்ட்டி, சுதந்திரத்தின் பெண் உருவம். இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் சுமார் 90 அச்சு ஜோடிகள். அச்சு என்பது காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டை; முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று சேர்ந்தால் ஒரு ஜோடி. தேய்ந்த காசு போதும் என்றால் அவற்றில் பெரும்பாலானவை என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கும் எட்டும்.

ஜனவரி 13

பக்கத்து ஊர் தீயணைப்பு நிலைய ஹாலில் நாணயச் சந்தை. நல்ல கூட்டம், மோசமான காபி.

ஒரு மேஜையில் பழைய பிளாஸ்டிக் உறைகள் திணித்த பெட்டி ஒன்று இருந்தது. கிளறியதில் 1835 ஒன்று கிடைத்தது. தலைமுடியின் இழைகள் எல்லாம் வழித்துவிட்டதுபோல் இருந்தன. ஆனால் விளிம்பை ஒட்டிய எழுத்துகளும் நட்சத்திரங்களும் நன்றாகவே நின்றிருந்தன. எனக்கு வேண்டியது அவைதான். உறையில் 'ஹாஃப் டைம் 1835' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. 45 டாலர். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன். பேசினால் அவர் லென்ஸை எடுத்துப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்.

ஜனவரி 14

முதலில் குளியல். பழைய மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் உள்ள பிவிசி நாளாக ஆகச் சிதைந்து, காசின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் பிசின் கரையும், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. நகப்பூச்சு நீக்கி என்று விற்பது வேண்டாம், அதில் வேறு எதையெதையோ கலந்திருப்பார்கள். ஊறவைத்து எடுத்துத் தானாக உலரவிட வேண்டும். துணியால் தேய்க்கக் கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எடை 1.29 கிராம். இவ்வளவு தேய்மானத்துக்கு அது சரியாகத்தான் இருக்கிறது.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு மேஜை விளக்கைத் தாழ்த்தி, பத்து மடங்கு லென்ஸோடு உட்கார்ந்தேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழ வேண்டும். காசைக் கையில் மெல்லச் சுழற்றினால், தெரியாதிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்துவரும்.

1835-க்கு முதல் கேள்விகள் இரண்டு. ஆண்டு எண்கள் பெரியவையா, சிறியவையா? பின்பக்கம் ஐந்து சென்ட் என்பதைக் குறிக்கும் '5 சி.' பெரியதா, சிறியதா? நான்கு சேர்க்கைகளும் இந்த ஆண்டில் உண்டு. என்னுடையது பெரிய ஆண்டு, சிறிய '5 சி.'. அதோடு ஆட்டத்தில் இருந்த ஜோடிகள் கணிசமாகக் குறைந்துவிட்டன. அடுத்து, கழுகுக்கு மேலே உள்ள வாசகப் பட்டையின் இடது முனை யுனைட்டெட் என்ற சொல்லின் எந்த எழுத்துக்கு நேராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு நட்சத்திர முனைகள் விளிம்புப் பற்களில் எதை நோக்குகின்றன என்பது. பட்டறையில் லிபர்ட்டியின் தலையையும் கழுகையும் ஒரே மூலத்திலிருந்து அச்சில் இறக்கினார்கள். நட்சத்திரம், எழுத்து, ஆண்டு எண் எல்லாம் ஒவ்வொன்றாக 'பஞ்ச்' என்ற எஃகு முத்திரைக் குச்சியை வைத்துச் சுத்தியால் அடித்தவை. கை ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அந்த அச்சுக்கு அது அடையாளமாகிவிடும். இரண்டு அச்சுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமையவே முடியாது.

அச்சு ஜோடிகளுக்கு எண் இடும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். 1931-இல் டேனியல் வாலன்டைன் போட்ட வி எண்கள் பல தலைமுறைக்கு ஓடின. 1998-இல் ரஸ்ஸல் லோகன், ஜான் மெக்லோஸ்கி இருவரும் புதிதாக வரிசைப்படுத்திய எல்எம் எண்கள்தான் இப்போது எல்லோர் வாயிலும். பழைய ஏலப் பட்டியல்களைப் படிக்க வேண்டுமென்றால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 27

விலகல் ஒன்று. கேப்டு பஸ்ட் மட்டும்தான் என்று மூன்று வாரம் முன்பு எழுதியவன் 1800 ஒன்று வாங்கியிருக்கிறேன். தலைக்கு மேலே ஓட்டை, அதனால்தான் கட்டுப்படியானது. ஓட்டை இல்லாமல் இதே காசு என் பட்ஜெட்டுக்குள் வராது.

வீட்டில் காட்டினேன். "காசுமாலையிலேர்ந்து கழன்டு விழுந்ததாங்க?" என்றாள். கேள்வி சரியானதுதான். இந்தச் சின்ன வெள்ளிகளில் ஓட்டை போட்டவை நிறைய. கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அணிவித்தார்கள். தரம் பார்க்கிற சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஓட்டை தலைக்கு மேலே வந்து, எழுத்துகளை விட்டுவைத்தால் போதும்.

ஏனென்றால் இதில் லிபர்ட்டி என்ற சொல்லின் ஆர் எழுத்து, கே போலத் தெரிகிறது. 'லிபெக்டி' என்றே இதற்குப் பெயர். யாரும் எழுத்துப் பிழை செய்யவில்லை. ஆர் பஞ்ச்சின் மேல் வளைவு உடைந்து போயிருந்தது. கையில் இருந்தது அதுதான், அதையே அடித்தார்கள். 1796-இல் இதேபோல் பி பழுதாகி கே ஆன காசும் உண்டு, அது 'லைகெர்ட்டி'. நல்ல எஃகு கிடைக்காத, புதிய பஞ்ச் செய்ய நேரமில்லாத ஒரு பட்டறையை இந்த ஓர் எழுத்து அப்படியே காட்டிக்கொடுக்கிறது.

1797-இன் நட்சத்திரங்களும் அப்படித்தான். ஓர் அச்சில் 15, இன்னொன்றில் 16, மற்றொன்றில் 13. 1796-இல் டென்னசி பதினாறாவது மாநிலமாகச் சேர்ந்ததும் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டினார்கள். இப்படியே போனால் காசில் இடம் இருக்காது என்று உறைத்ததும், தொடக்க மாநிலங்களைக் குறிக்கும் 13-க்கு வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 3

ஒன்றும் வாங்கவில்லை. பனி.

பிப்ரவரி 10

ரயிலேறி ஃபிலடெல்ஃபியா. ஏழாவது தெருவில் முதல் நாணயச்சாலை நின்ற இடத்தை வெகுநாளாகப் பார்க்க நினைத்திருந்தேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் போனேன். ஃப்ராங்க் ஸ்டீவர்ட் என்ற மின்சாதன வியாபாரி 1907-இல் அந்தக் கட்டடங்களை வாங்கினார். காப்பாற்றி வைக்க ஆள் தேடினார், யாரும் முன்வரவில்லை. 1911 வாக்கில் இடித்துவிட்டார்கள். நாட்டின் முதல் அரசுக் கட்டுமானங்களில் ஒன்றுக்கு இந்தக் கதி.

அங்கிருந்து செஸ்ட்நட் தெருவுக்கு நடந்தேன். இரண்டாவது நாணயச்சாலைக்கு 1829 ஜூலை 4 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 24 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஹாஃப் டைம் மறுபடி பிறந்தது அந்த விழாவை ஒட்டித்தான். விடியற்காலையில் பழைய ஏழாவது தெருப் பட்டறையில் அடித்து, சுடச்சுட விழாவுக்குக் கொண்டுவந்தார்கள். என் 1829 தேய்ந்து கிடந்தாலும், அதை விற்க மனம் வராததற்கு இதுதான் காரணம்.

பிப்ரவரி 11

நேற்றைய பதிவைப் படித்த நண்பர், வாஷிங்டன் தன் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் கொடுத்துத்தான் 1792-இல், 1794 கட்டத்துக்கும் முன்பே, முதல் ஐந்து சென்ட் காசுகளை அடித்தார்கள் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறார். அழகான கதை. எனக்கு நம்பிக்கை இல்லை. அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சனின் கணக்குப் புத்தகத்தில் 1792 ஜூலை 13 அன்று 1500 காசுகள் பெற்றுக்கொண்டதாகக் குறிப்பு இருக்கிறது. மொத்தம் 75 டாலர். நாணயச்சாலைக்கென்று சொந்த இடமே வாங்காத நேரம் அது; ஜான் ஹார்ப்பர் என்பவரின் கட்டடத்து நிலவறையில் வைத்து அடித்தார்கள். நவம்பரில் வாஷிங்டன் காங்கிரசில் பேசும்போது, சில்லறைத் தட்டுப்பாட்டால் முதலில் இதைத் தொடங்கினோம் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 24

"1802 வைத்திருக்கிறாயா?" என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் கேட்கும் கேள்வி. இல்லை. வரவும் வராது. பதிவேட்டின்படி அடித்தது 3060. 1883-இல் ஹெரால்ட் நியூலின் தேடித் திரட்டிய பட்டியலில் இருந்தவை 16 மட்டுமே. அதற்குப் பிறகு இன்னும் சில வெளிவந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெரிய ஏக்கமும் கிடையாது. 1802-க்கு ஒரே ஓர் அச்சு ஜோடி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. கிட்டாத திராட்சை புளிக்கிறதா என்று கேட்டால், கொஞ்சம் புளிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 9

தபாலில் இன்னொரு 1835 வந்தது. முன்பக்கம் வேறு அச்சு. பின்பக்கத்தைப் பார்த்ததும் எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. ஜனவரியில் வாங்கியதைப் பக்கத்தில் வைத்தேன். அதே பட்டை, அதே '5 சி.', கழுகின் வலது இறக்கைக்குக் கீழே அதே சின்னக் கீறல். ஒரே பின்பக்க அச்சு, இரண்டு முன்பக்கங்களோடு ஜோடி சேர்ந்திருக்கிறது.

சரி, எது முதலில்? ஜனவரிக் காசில் விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை விரிசல் ஏறி, முதல் எழுத்தின் அடியிலேயே நின்றுவிடுகிறது. புதியதில் அது அந்த எழுத்தைக் கடந்து, அடுத்ததையும் தொட்டு, இறக்கை வரை போய்விட்டது. எஃகில் விழுந்த விரிசல் வளருமே தவிர ஆறாது. ஆகவே ஜனவரிக் காசுதான் மூத்தது. புதியதில் கழுகுக்குப் பின்னால் மங்கலாக ஒரு வளைகோடும் இருக்கிறது: வெள்ளி வில்லை இல்லாமலே அழுத்தி இறங்கி இரண்டு அச்சுகளும் மோதிக்கொண்ட தடம், லிபர்ட்டியின் முகக்கோடு கழுகின் பக்கம் பதிந்துவிட்டது. மூத்ததில் அது இல்லை. இரண்டு சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்கின்றன.

இதில் நாணயத்தின் மேலிருக்கும் ஆண்டு எந்த உதவியும் செய்யாது, இரண்டிலும் 1835தான். அந்த எண்ணை முழுசாக நம்பவும் கூடாது. 1794 என்று போட்ட ஹாஃப் டைம்களை அடித்ததே 1795-இல்தான். அச்சு செலவு பிடித்த பொருள். ஆண்டு மாறிவிட்டது என்று யாரும் தூக்கிப் போடவில்லை, உடையும்வரை ஓட்டினார்கள். ஆண்டே பொறிக்காத பின்பக்க அச்சுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

இரண்டையும் படமெடுத்து, விரிசலைச் சிவப்பில் குறித்து, அச்சு நிலைகளைத் தொகுக்கும் நண்பருக்கு அனுப்பினேன். இடைப்பட்ட நிலை ஒன்று, விரிசல் இரண்டாவது எழுத்தைத் தொட்டும் இறக்கைக்கு வராமலும், மோதல் தடம் இல்லாமலும், தன்னிடம் இருக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அது எந்த முன்பக்கத்தோடு சேர்ந்தது என்று கேட்டிருக்கிறேன்.