இடது முன்சக்கரம்

"அண்ணே, இனி நம்பி ஓட்டலாம்ல?" என்று அந்த ஓட்டுநர் கேட்டார். "ஓட்டலாம் தம்பி, பிரேக்குல ஒரு குறையும் இல்ல" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில்தானா என்பதை இரண்டு சம்பா அறுவடைகள் கழிந்த பின்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பல ஆண்டுகள் வேதாரண்யத்து உப்பை ஏற்றிய பழைய லாரி அது. தை மாதத்தில் கொள்முதல் நிலையத்து நெல் மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்ற வந்திருந்தது. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்று வழுக்கிவிடாதபடி காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தது. கோளாறுக் குறியீடு இடது முன்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரைக் காட்டியது. உடனே புதுச் சென்சார் வாங்கி வரச் சொல்பவர்கள் உண்டு. குறியீடு எந்தச் சக்கரத்தில் தேட வேண்டும் என்பதைத்தான் சொல்லும், எந்தப் பாகம் பழுது என்பதைச் சொல்லாது என்பதால் நான் அப்படிச் செய்வதில்லை. உப்பு ஏறிய வண்டி ஆயிற்றே என்று முதலில் கனெக்டரைக் கழற்றினேன். ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. துடைத்துவிட்டு அளந்ததில் சென்சாரின் மின்தடை 1,150 ஓம். உள்ளிருக்கும் கம்பிச்சுருளுக்குக் கேடில்லை. பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் கையால் சுழற்றினேன். குறைந்தது 0.2 வோல்ட் ஏசி வர வேண்டும், 0.1 கூட வரவில்லை. சென்சார், சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தை விட்டுப் பின்வாங்கியிருந்தது. வளையத்தைத் தொடும்வரை உள்ளே தள்ளியதும் 0.6 வந்தது. வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம், விளக்கு அணைந்தது.

சென்சார் தானாகப் பின்வாங்காது. சக்கரத்தின் நடுவில் அதைத் தாங்கிச் சுழலவிடும் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தால், சக்கரத்தோடு சேர்ந்து அசையும் வளையம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது அந்த ஆட்டம் என் கைக்குத் தெரிந்தது. ஹப்பைப் பிரித்துப் பார்க்க அரை நாள் வேண்டும் என்று உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "லைட்டுதான் அணைஞ்சிருச்சே? மூட்டையெல்லாம் வெட்டவெளில கிடக்கு, வானம் வேற கறுத்துக்கிட்டு வருது" என்றார். அதைச் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். நனைந்த மூட்டைக்குள் நெல் முளைவிட்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதோடு, ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் காற்று பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். ஆட்டமும் உடனே ஆபத்து என்னும் அளவுக்கு இல்லை.

இந்த நியாயத்தைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அறுவடைக் காலத்து நம் சாலைதான் குறுக்கே வருகிறது. இடது ஓரம் முழுக்க நெல் காயும், வைக்கோல் கிடக்கும். வலது சக்கரங்கள் தாரிலும் இடது சக்கரங்கள் நெல்லிலும் உருளும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால், இடது சக்கரம் சுழலாமல் வழுக்கும். வண்டி வலப்பக்கம், எதிரே வருபவரை நோக்கி இழுக்கும். ஏபிஎஸ் தேவைப்படுவதே அந்த நொடியில்தான், அதுவும் அந்தச் சக்கரத்தில்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தவரை ஓட்டுநர் பயந்து நிதானமாக ஓட்டியிருப்பார். அதை அணைத்து, நம்பிக்கையையும் கொடுத்து அனுப்பியவன் நான். ஆட்டத்தைப் பற்றி உரிமையாளரிடம் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. வழியில் எந்த விபத்தும் நேரவில்லை. மூட்டைகளும் நனையாமல் கிடங்குக்குப் போய்விட்டன. அன்று வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் அவை நனைந்திருக்குமோ என்னவோ. ஹப்பைப் பிரித்தோம், பேரிங்கின் உருளைகள் குழி விழுந்திருந்தன. அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே தெரியுமாண்ணே?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"சந்தேகம் இருந்துச்சு தம்பி" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுத் தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டார். அன்று என் கையில் பட்டதற்குச் சந்தேகம் என்று பெயர் இல்லை.