கீரியாத்யாரீம் குன்றில் அம்மாவின் பொருத்தனை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அம்மா கர்த்தரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனையை அம்மா இல்லாமல் நிறைவேற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

பரிசுத்த பூமிக்குப் போன எங்கள் குழுவின் பயணத் திட்டத்தில் பெத்லகேம் இருந்தது, கலிலேயாக் கடல் இருந்தது, அம்மா சொன்ன வேதாகம ஊரான கீரியாத்யாரீம் இல்லை. புறப்படும் முன்பே கேட்டேன். “போகிற வழிதான், நிறுத்துகிறோம்” என்றார்கள். அங்கே போனதும் நேரமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஒலிவ மரச் சிலுவை விற்கும் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தவர்கள் இதற்கு அரை மணி நேரம் தர மறுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. எருசலேமில் இயேசுவின் கல்லறை ஆலயத்திலும் நெரிசல். இரண்டு மணி நேரம் நின்று உள்ளே மண்டியிட்டால், கண்ணை மூடுவதற்குள் எழுப்பிவிட்டார்கள். அன்றிரவு அழுதுகொண்டே ஜெபித்தேன். மறுநாள் காலை, கேட்ட கூலியைக் கொடுத்து டாக்சியில் ஏறிவிட்டேன்.

எருசலேமுக்கு மேற்கே அபு கோஷ் என்ற ஊர்; பழைய கீரியாத்யாரீம் இங்கேதான். அதன் குன்றின் உச்சியில் 1924இல் கட்டிய ஆலயம். மேலே குழந்தையை ஏந்திய மாதாவின் பெரிய சொரூபம். மணியடித்ததும் ஒரு கன்னியாஸ்திரி கதவைத் திறந்தார். உள்ளே என்னைத் தவிர யாருமில்லை. பழைய பைசாந்தியத் தேவாலயத்தின் மொசைக் தரை காலடியில் துண்டு துண்டாகத் தெரிந்தது.

இந்தக் குன்றில்தான் அபினதாபின் வீடு. பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி இருபது வருஷம் தங்கிய வீடு.

அம்மாவின் வேதாகமத்தைத் திறந்தேன். முதலாம் சாமுவேல் ஆறாம் அதிகாரம். இஸ்ரவேலரிடமிருந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு போன பெலிஸ்தர், அதைத் திருப்பி அனுப்பப் புது வண்டியில் ஏற்றி, நுகம் பூட்டாத இரண்டு கறவைப் பசுக்களைக் கட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டு அனுப்புகிறார்கள். பசுக்கள் வலது இடது விலகாமல் இஸ்ரவேலரின் ஊரான பெத்ஷிமேசுக்குப் போகின்றன, ‘கூப்பிட்டுக்கொண்டே’. அந்த ஒரு சொல்லுக்குக் கீழே அம்மா பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ‘ஜூன் 1987’ என்று எழுதியிருந்தார். என்னை விடுதியில் சேர்த்துவிட்டு, வெளியூரில் சமையல் வேலைக்குப் போன மாதம் அது. அன்று அவர் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினார் என்று எத்தனை வருஷம் மனத்தில் வைத்திருந்தேன்! வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டேதான் போயிருக்கிறார். பிள்ளை படித்துக் கரையேறினால், பெட்டி தங்கிய இடத்தில் நின்று துதிப்பேன் என்று பொருத்தனை செய்ததும் அந்த மாதம்தான்.

விடுமுறையில் வரும்போது கட்டிலின் மேல் முழங்கையை ஊன்றி அளந்து காட்டுவார்: சீத்திம் மரத்தில் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. “இவ்வளவுதான் பெட்டி. உள்ளே கற்பலகைகள், மேலே மூடியாகக் கிருபாசனம். பிரமாணம் கீழே, கிருபை மேலே, இதை மறக்காதே.” சுமக்கும் தண்டுகளைப் பெட்டியிலிருந்து கழற்றவே கூடாது என்ற கட்டளையை இன்னும் ஆசையாகச் சொல்வார். ஜனங்கள் எப்போது எழும்பினாலும் கர்த்தரும் கூட எழும்ப ஆயத்தமாக இருக்கிறாராம். வாடகை வீடு வாடகை வீடாக மாறிய எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பாபிலோனியர் ஆலயத்தைச் சுட்டெரித்த பிறகு பெட்டியைப் பற்றிய செய்தியே இல்லை. அதை ஒருவரும் நினைப்பதுமில்லை, விசாரிப்பதுமில்லை என்று எரேமியா தீர்க்கதரிசி முன்பே சொல்லியிருக்கிறார். வெறும் குன்றைப் பார்க்க ஏன் போகிறாய் என்று சபையில் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது வெறும் குன்றாக இல்லை.

முன்வரிசைப் பெஞ்சின் மேல் முழங்கையை ஊன்றி அளந்தேன். ஒன்று, இரண்டு, அப்புறம் அரை. இரண்டு கையையும் அந்த இடத்தில் பரப்பி வைத்துக்கொண்டேன். பேச எவ்வளவோ எடுத்து வைத்திருந்தேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.