இரண்டாம் வட்டில் கேட்கும் திருப்பம்

மண்டபம் என்ற கடலோர ஊரில், கடல் சத்தம் எட்டும் எங்கள் வீட்டுத் திண்ணையில், இரவில் நியூ ஆர்டர் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாடல்களைக் கேட்பது எனக்கு நெடுநாள் வழக்கம். 1980 மே மாதம் பாடகர் இயன் கர்ட்டிஸ் மறைந்த பிறகு, அவருடைய ஜாய் டிவிஷன் குழுவில் எஞ்சிய மூவரும் பழைய பெயரை விட்டுவிட்டு, கில்லியன் கில்பர்ட்டையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய குழு அது.

1981இல் வெளிவந்த 'மூவ்மென்ட்' தொகுப்பில் இழப்பின் நிழல் இன்னும் விலகவில்லை. ஆனால் அதே ஆண்டில் தனித்தட்டாக வந்த 'எவ்ரிதிங்ஸ் கான் கிரீன்' பாடலில் மின்னணுத் துடிப்பு முன்னே வந்து நிற்கிறது. 2008இல் 'மூவ்மென்ட்' தொகுப்பு இரண்டு வட்டுகளாக மறுவெளியீடு கண்டபோது, முன்பு தனித்தட்டுகளாகச் சிதறிக் கிடந்த பாடல்கள் இரண்டாம் வட்டில் சேர்ந்ததால்தான், ஒரே ஆண்டுக்குள் நிகழ்ந்த அந்தத் திருப்பத்தை என்னால் அடுத்தடுத்துக் கேட்டு உணர முடிந்தது.

1983இல் வந்த, ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீளும் 'புளூ மண்டே' பாடலை நடன அரங்குகள் கொண்டாடின. ஆயினும் அதன் இயந்திர முரசுக்கு மேலே, வழக்கமாகத் தாழ்ந்த சுரத்தில் நிற்கும் பேஸ் கிட்டாரைக் குழுவின் பீட்டர் ஹுக் உயர்ந்த சுரங்களில் வாசிக்கும்போது, பழைய துயரம் அப்படியே கேட்கிறது. துக்கத்தைத் துறந்துவிட்டு அவர்கள் ஆடவில்லை. அதையும் சுமந்துகொண்டே ஆடினார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்பெயினின் வெயில் நிறைந்த இபிசா தீவில் பதிவைத் தொடங்கி 1989இல் வெளியிட்ட 'டெக்னிக்' தொகுப்பை மட்டும் நான் பகலில், பாம்பன் பக்கம் வெயில் ஏறிய பிறகே கேட்கிறேன்.