மார்ச் மாதத்தில் வந்த நிதி

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்பவன் நான். தனிமனிதர்களின் நன்கொடையிலேயே காலம் தள்ளிவந்த நாங்கள், முதன்முறையாக ஒரு பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற்ற கதையை, அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பதிவு வேலை நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏ பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவும், மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பணி அனுபவமும் ஏற்கெனவே இருந்தன. சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்.) வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 என்ற பதிவுப் படிவத்தை அறங்காவலரின் டிஜிட்டல் கையொப்பத்தோடும் பட்டயக் கணக்காளரின் சான்றோடும் இணையத்தில் பதிந்ததும் எண் கிடைத்துவிட்டது.

சிக்கல் தொடங்கியது வரவு செலவுத் திட்டத்தில். நாங்கள் கேட்டிருந்த தொகையில் பெரும்பகுதி, பாடம் சொல்லித்தரும் ஆறு பேரின் ஓராண்டுச் சம்பளம். நிறுவனத்திடமிருந்து திரும்பி வந்த தாளில் அந்த வரி சிவப்பில் அடிக்கப்பட்டு, 'நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக லோகோ அச்சிட்ட புத்தகப் பைகளும் டேப்லெட்டுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. சொல்லித்தர ஆளில்லாத வகுப்பில் டேப்லெட்டை வைத்து என்ன செய்வது என்று தொலைபேசியில் கேட்டேன். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அதிகாரி நல்ல பெண்தான்; சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் புரியுது சார், ஆனா ஆண்டறிக்கையில நான் எதைக் காட்டுறது?" என்றார்.

அன்றிரவு சமூகப் பொறுப்பு நிதிக்கான அரசு விதிகளை எடுத்து வரிவரியாகப் படித்தேன். அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கானது; குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விளக்கத்திலேயே இருக்கிறது. மாலை வகுப்பில் ஆசிரியரின் சம்பளம்தானே திட்டம்? அந்த வரிகளை அப்படியே எடுத்தெழுதி ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். இரண்டு வாரத்தில் சம்பளம் திரும்பவும் ஏறியது. பைகள் மட்டும் போகவில்லை.

செப்டம்பரில் கொடுத்த விண்ணப்பம் மார்ச் மூன்றாம் வாரம் வரை அசையாமல் கிடந்துவிட்டு, திடீரென்று கால் முளைத்து ஓடியது. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். செலவாகாத தொகை, பல ஆண்டு நடக்கும் தொடர் திட்டத்துக்கு உரியதாக இல்லையென்றால், பிரதமரின் தேசிய நிவாரண நிதி போல அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் குறிப்பிட்ட நிதி ஒன்றுக்கு, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் போய்விடும். (கொடுத்தே ஆகவேண்டிய இந்தப் பணம் பின்னர் மேடையில் வள்ளல் தன்மையாகப் பேசப்பட்டது, நாங்களும் கைதட்டினோம்.) அதனால் முழுத்தொகைக்கும் 31ஆம் தேதிக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஓராண்டுச் சம்பளத்தைப் பத்து நாளில் செலவழித்ததாக எப்படிக் காட்டுவது? ரசீதுகளை முன்கூட்டியே வாங்கிவைத்தால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் தணிக்கையாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எங்கள் அறங்காவலர்களில் இருவர் தடுமாறியதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நேர்வழி ஒன்று இருந்தது. பல ஆண்டுத் தொடர் திட்டமாக நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், மீதித் தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். கொடுத்த பணம் உரிய நோக்கத்துக்குப் பயன்பட்டதை நிறுவனத்தின் நிதித் தலைவரே சான்றளிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினோம். எங்கள் பொய் ரசீது அவர் கையெழுத்துக்குக் கீழே போய் உட்காரும் என்பது புரிந்ததும், இயக்குநர் குழுத் தீர்மானம் நான்கே நாளில் வந்தது.

ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஒரு பிரிவுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஒவ்வொரு பிள்ளையும் பையோடு நிற்கும் படம், பெயர், குடும்ப வருமானம் ஆகியவற்றைத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. பெயரும் வருமானமும் தரமாட்டோம் என்பதில் உறுதியாக நின்றோம். முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படம், அதுவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு, என்று முடிவானது. சம்மதப் படிவத்தை நானே வீடுவீடாகக் கொண்டுபோனேன். ஒரு தாய் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிக்காமலே, "நீங்க சொன்னா சரிதான் சார், எங்க போடணும்?" என்று கேட்டார். உட்கார்ந்து விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி அதையேதான் சொன்னார். படம் எடுக்க வேண்டாம் என்றால் பிள்ளைக்கு வகுப்பு கிடைக்காமல் போகும் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அப்படியில்லை என்று படிவத்திலேயே ஒரு வரி அச்சிட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டு ஒப்பந்த வரைவு இந்த வாரம் வந்தது. படப் பிரிவு பெயர், வருமானம் உட்பட பழையபடியே இருக்கிறது. அதை அடித்துவிட்டு, விடுபட்ட அந்த வரியையும் சேர்த்து, புதிய படிவம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.