மீட்டியோரும் அப்பாவின் புல்லட்டும்

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1984 புல்லட். வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். போன மாதம் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அவள் மகன் மட்டும் தன் புது மீட்டியோர் 350இல் வந்தான், அதுவும் ராயல் என்ஃபீல்டுதான். சேந்தமங்கலம் ரோட்டு டீக்கடையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவனை வறுத்தெடுத்துவிட்டது. "தையல் மெஷின் மாதிரி ஓடுது." "பட்டனை அமுக்கினா போதும், யார் வேணா ஓட்டலாம்." நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் பாதி டீயை வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தபோதுதான் சுருக்கென்றது.

மறுநாள் விடியற்காலை அவன் வண்டியிலேயே கொல்லிமலை கிளம்பினோம். நான் ஓட்ட, அவன் பின்னால். காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கியர் என்று நினைத்து இரண்டு முறை பிரேக்கை மிதித்தேன்.

மீட்டியோர் மாதிரி க்ரூசர் வண்டியில் எனக்கு ஒத்துவராதது கால் முன்னால் நீட்டி உட்காரும் முறை. பள்ளம் வந்தால் புல்லட்டில் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி லேசாக எழுந்துகொள்வேன். இதில் எழ முடியாது, அடி நேரே முதுகெலும்புக்குப் போகிறது. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் எஞ்சின் அந்நியமில்லை. பழைய புல்லட்டில் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90. மீட்டியோரில் 72, 85.8. விட்டத்தைவிட ஓட்டம் அதிகம், அதாவது இதுவும் நீள ஸ்ட்ரோக்தான். அதிர்வை உள்ளேயிருக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் விழுங்கிக்கொள்கிறது. அந்த அதிர்வைத்தான் நாங்கள் உயிர் என்கிறோம். சேலம் போய்த் திரும்பும் நாட்களில் அப்பா கை மரத்துப்போய், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காபி குடிப்பார். அவர் அதை ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை.

நாற்பதாவது வளைவு பக்கம் அவன் சொன்னான்: "ஊர்ல காலையில கோயிலுக்கு அம்மாதான் இதை ஓட்டிட்டுப் போறாங்க, மாமா."

எனக்குப் பேச்சு வரவில்லை. அக்காவுக்குப் பதினெட்டு வயதில் புல்லட் ஓட்ட அவ்வளவு ஆசை. அப்பா இல்லாத நேரத்தில் நான்தான் சாவியைக் கொடுத்தேன், உதைக்கும் முன் பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று ஆம்மீட்டர், அதாவது மின்னோட்டம் காட்டும் முள்ளைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை. கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது. அதன்பிறகு அவள் அந்த வண்டியைத் தொடவேயில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதைத்தான் டீக்கடையில் வசவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் அவன் புல்லட்டைக் காட்டி, "மாமா, நான் ஒரு தடவை உதைச்சுப் பாக்கட்டுமா?" என்றான். சரி என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கு. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரெஸர் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கு. விட்டுவிட்டு, இப்போது முழுசாக உதை.

மூன்றாவது உதையில் பிடித்தது. சத்தம் கேட்டு அக்கா ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். வண்டியை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, முள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினேன்.